கீறலோடு வந்த சிடி

என் மைத்துனன் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புதிதில், சித்தூருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரே சண்டை. பாட்டை உள்ளது உள்ளபடி தருவது சிடிதான் என்பான் அவன். ரெக்கார்டுதான் என்பேன் நான். கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டிய காது என்னுடையது. எது ரெக்கார்டு, எது சிடி என்று கேட்டுக் கண்டுபிடிக்கத் தவறினால், என் ரெக்கார்டு பிளேயரைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடுவதாகப் பந்தயமும் கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி புடவையைத் திரையாகக் கட்டி, பின்னால் நின்று நாதஸ்வரத்தை ஓடவிட்டாள். நடுவில் ‘டக்’கென்று ஒரு சத்தம். விஜயபுரம் கல்யாணத்தில் என் கை தவறி ஊசி விழுந்த கீறல் அது.

“இதான் ரெக்கார்டு. உயிரோட கீது பாரு,” என்றேன்.

மனைவி திரையை விலக்கினாள். ரெக்கார்டு அசையாமல் கிடந்தது.

“ஓடிக்கினு இருக்கறது சிடி, மாமா. போன மாசம் உன் ரெக்கார்டை வாங்கிக்கினு போனேனே, அதுலேர்ந்து எடுத்தது,” என்றான் மைத்துனன்.

என் கீறலைக்கூட அது விடவில்லை. துல்லியம் சிடிக்குத்தான் என்று அன்றே ஒப்புக்கொண்டேன். பிளேயரை மட்டும் பழைய சாமான்காரனுக்குப் போடவில்லை. பேச்சு மாறியவன் என்று மைத்துனன் இன்றும் சொல்கிறான். சொல்லட்டும். முன்பு துல்லியம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு ரெக்கார்டு கேட்டேன். இப்போது சாக்கில்லாமல் கேட்கிறேன்.