யாரும் வீடு கட்டமாட்டாத இடம்

நான் தின்கிற சோறு பேய்களாலும் சூனியக்காரிகளாலும் வருகிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் ஒருத்தரும் எனக்கு ஸலாம் சொல்லமாட்டார்கள். அதனால் கேட்கிறவர்களிடம், கொம்பியூட்டரில் படம் வரைகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன்.

விசயம் இதுதான். தூர தேசங்களில் வளர்ந்த மனிதர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, நான் இந்தப் பாலத்தால் போகிறேன், நான் அந்தக் குகைக்குள் இறங்குகிறேன் என்று முடிவெடுத்து, தாயக்கட்டையை உருட்டி, பிழைத்தார்களா செத்தார்களா என்று பார்ப்பார்கள். மேசையின் நடுவில் அந்தக் கற்பனை நாட்டின் வரைபடம் விரிந்து கிடக்கும். அதை வரைந்து கொடுப்பதுதான் என் தொழில். உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தப் பார்த்தேன். பெரிய ஆட்களா விளையாடுகிறார்கள், அதுகளுக்கு வேலைவெட்டி இல்லையா என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

போன வருசம் ஒரு சதுப்பு நிலம் கேட்டார்கள். கேட்டவர் அந்த விளையாட்டைத் தொகுக்கிற பெண். நான் அவரை நேரில் கண்டதில்லை, எல்லாம் மின்னஞ்சலில்தான். மற்றவர்கள் வரைந்த சதுப்புகளைப் பார்த்து அலுத்துவிட்டாராம். பச்சைச் சாயத்தை ஊற்றி, நாலு பட்டமரத்தை நட்டு, ஒரு மண்டையோட்டை வைத்தால் சதுப்பாகிவிடுமா என்று எழுதியிருந்தார். உண்மையான சதுப்பு வேண்டும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எதால் வெளியேறுகிறது என்பது படத்தைப் பார்த்தவுடன் தெரியவேண்டும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சதுப்பு நிலத்தை யாரிடம் கேட்கிறாய் பெண்ணே என்று வாய்விட்டே சொன்னேன். சாய்ந்தமருதுக்காரனுக்குக் கிழக்கே கடல், மேற்கே வட்டை. நடுவில் கிடக்கிற துண்டு மணலில்தான் கூரையும் கூரையும் முட்ட நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். வட்டையில் பாதி வயல், மீதி சேறு. மழைத் தண்ணீரும் வயல் தண்ணீரும் அங்கே வந்து சேர்ந்து, ஊருக்குள்ளால் வளைந்து போகிற தோணா என்கிற ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போகும். போகும் என்பது ஒரு பேச்சுக்கு. வருசத்தில் முக்கால்வாசி நாள் தோணாவின் வாயைக் கடல்மணல் அடைத்துக் கிடக்கும். வெள்ளம் வந்தால் அந்த மணலை வெட்டி விடவேண்டும். முந்தி வெட்டினால் கடல் உள்ளே வரும், பிந்தி வெட்டினால் ஊர் தாழும். எப்போது வெட்டவேண்டும் என்பதில் எங்கள் ஊரில் அபிப்பிராயம் இல்லாத ஆம்பிளை கிடையாது.

ஆகவே எங்கள் வட்டையையே வரைந்தேன். ஸுபஹ் தொழுதுவிட்டு வரம்புகளில் நடந்து பார்த்தேன். பாய் இழைக்கிற பன் வளர்ந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆற்றுவாழை மிதந்து மூடியிருக்கிற இடம் ஆழம், அங்கே கால் வைக்கக்கூடாது. எருமைகள் கடக்கிற தடத்தில் அடிநிலம் இறுக்கம். இதையெல்லாம் அப்படியே வரைந்து, எருமைத் தடத்தை வீரர்கள் போகிற இரகசியப் பாதை ஆக்கினேன், தோணாவின் வளைவில் ஒரு பூதத்தைக் குடிவைத்தேன். வேலை செய்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் சந்தோசமாகச் செய்தேன். அந்தச் சந்தோசத்தில் சதுப்பின் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டையும் வரைந்துவிட்டேன். சிவப்பு ஓடு, முன்னுக்கு ஒரு வாசல், பக்கத்தில் ஒற்றைத் தென்னை. அது என் தங்கச்சியின் வீடு.

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டாமல் கல்யாணப் பேச்சை வாயில் எடுக்க ஏலாது. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். நானும் அப்படி என் மனைவி வீட்டுக்குப் போனவன்தான். என் மாமனார் முந்திக்கொண்டார், பிரதான வீதிக்குக் கிட்ட நல்ல மேட்டு நிலத்தில் கட்டிவிட்டார். வாப்பா பிந்திவிட்டார். அவர் காணி தேடும்போது ஊருக்குள் ஒரு கட்டில் போடவும் இடமில்லை. சுனாமியில் கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு கடற்கரைப் பக்கம் போக அவருக்கு மனமில்லை. மிஞ்சியது வட்டை.

வட்டையில் காணி வாங்குவதென்றால் தண்ணீரை வாங்குவதுதான். பிறகு அதை நிரப்பவேண்டும். அடியில் உடைந்த செங்கல், கொங்கிறீட், ஊர் எறிகிற கழிவு, அதற்கு மேல் டிப்பர் டிப்பராகக் கிரவல் மண். இதில் ஒரு நடைமுறை இருக்கிறது. நிரப்புகிறவர் பக்கத்துக் காணியைவிட ஒரு சாண் உயர்த்தி நிரப்புவார், மழைத் தண்ணீர் அங்கால் ஓடட்டும் என்று. வாப்பா குடையைப் பிடித்துக்கொண்டு நின்று அப்படித்தான் நிரப்பினார். அந்த வரிசையிலேயே எங்கட காணிதான் உசரம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அத்திவாரம் போட்டார், சுவர் எழுப்பினார், கையில் இருப்பதற்கேற்ப ஆறி ஆறிக் கட்டினார். அதற்குள் பக்கத்துக் காணிக்காரர் வந்து ஒரு சாண் உயர்த்தினார். பின்காணிக்காரர் அதற்கு மேல் ஒரு சாண். அவர்களுக்கும் பெண்பிள்ளைகள்.

படம் பாதியில் இருக்கும்போது தங்கச்சி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வீட்டைக் கண்டவுடன் பிடித்துக்கொண்டாள். தென்னை சரி, வாசல் சரி, ஜன்னலுக்குச் சீலை எங்கே என்று கேட்டாள். சீலையும் வரைந்தேன். பக்கத்தில் இருக்கிற பூதம் நல்ல பூதமா கெட்ட பூதமா என்று கேட்டாள். உன்னைப் பெண் பார்க்க வந்த பூதம் என்றேன். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற மரியாதையெல்லாம் பறந்து, தலையில் ஒரு குட்டு விழுந்தது. மாமனார் கட்டின வீட்டில் சொகுசாக இருந்துகொண்டு எனக்குப் பூதம் பார்க்கிறீர்களா என்று ஏசிவிட்டு, அந்த வீட்டின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். நிக்காஹ்வுக்கு நாள் குறித்திருந்த நேரம் அது.

தொகுப்பாளருக்குப் படம் பிடித்துப்போனது. மாரிக் காலத்தில் இந்தச் சதுப்பு எப்படி இருக்கும், இரண்டாவது படமாக அதையும் தாருங்கள் என்றார். நான் வேலை செய்கிற மென்பொருளில் நிலத்தின் மேடு பள்ளத்தைக் கொடுத்துவிட்டால் தண்ணீர் மட்டத்தை ஏற்றிப் பார்க்கலாம். கண்ணால் கண்ட மேடு பள்ளத்தையெல்லாம் கொடுத்து, தோணாவின் வாயை மணலால் அடைத்து, தண்ணீரை ஏற்றினேன். பன் மறைந்தது. எருமைத் தடம் மறைந்தது. பிறகு நீலம் மெல்ல மெல்லக் காணிகளுக்கு இடையால் வந்து, உயர்ந்த காணிகளைச் சுற்றிக்கொண்டு, ஒரே ஒரு வீட்டுக்குள் ஏறி நின்றது. மூன்று பக்கமும் மற்றவர்களின் கிரவல். வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. நான் தண்ணீரை இறக்கி, திரும்பவும் ஏற்றிப் பார்த்தேன். திரும்பவும் அங்கேதான் போனது.

 பொறுக்காமல் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவிடம் போனேன். அவர் அந்த வீட்டில் நின்று மேசன்மாருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். முதலில் பூதத்தைப் பார்த்து, இதென்ன ஹறாமான வேலை என்றார். பிறகு நான் நீலத்தை ஏற்றிக் காட்டினேன்.  திரும்ப ஒருதரம் காட்டச் சொன்னார். காட்டினேன். கோபப்படுவார், நீ படித்துக் கிழித்தது போதும் என்பார் என்று பார்த்தேன். அப்படிக் கோபப்பட்டிருந்தால் எனக்கும் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும்.

"தண்ணி வருமெண்டு எனக்கும் தெரியும் மனே," என்றார். "ஊடு இல்லாட்டி மாப்புள வரமாட்டான். ரெண்டுல ஒண்டைத்தான் எனக்குப் பார்க்கேலும்."

வாசல்படியை உயர்த்திக் கட்டலாமா என்று கேட்டேன். பின்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டலாமா என்று கேட்டேன். வெட்டி எங்கே விடுகிறது, பக்கத்து ஊட்டு அடுப்புக்குள்ளயா என்றார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவர் எனக்கு முன்னமே யோசித்து முடித்திருந்தார். கடைசியில் எனக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். கட்டி முடிகிற வீட்டை யார் தூக்கி வைப்பது? பேசி முடிந்த கல்யாணத்தை யார் நிறுத்துவது? நானா?

மாரிப் படத்தையும் அனுப்பிவைத்தேன், அந்தக் கிழமையே தொகுப்பாளரிடமிருந்து திருத்தம் வந்தது. எல்லாம் அருமை, அந்தச் சிவப்பு ஓட்டு வீட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். இப்படித் தண்ணீர் வந்து நிற்கிற இடத்தில் யாரும் வீடு கட்டமாட்டார்கள், விளையாடுகிறவர்கள் நம்பமாட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பூதத்தை நம்புவார்களாம், பறக்கிற பாம்பை நம்புவார்களாம், என் வாப்பாவை நம்பமாட்டார்களாம். நீளமாக ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். பிறகு மரியாதையாக, வேறு நிலம் இல்லாவிட்டால் மனிதர்கள் கட்டுவார்கள் என்று எழுதினேன். அப்படியானால் வேறு ஊருக்குப் போகலாமே, அவர்களை அங்கே கட்டச் சொல்லி யார் நெருக்குகிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இதை எந்த மொழியில் விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு சிரிக்கிற முகம் வந்தது.

வீட்டை எடுத்தேன். தென்னையை எடுத்தேன். சீலை போட்ட ஜன்னல் ஓட்டோடு சேர்ந்து போனது. அந்த இடத்தில் வெறும் வெள்ளை தெரிந்தது. அதை அப்படியே விட ஏலாது, பக்கத்தில் இருந்த நீலத்தை எடுத்து நிரப்பினேன். படம் போய்ச் சேர்ந்தது, விளையாட்டு வெளிவந்தது, பாராட்டி நாலு வரி எழுதியிருந்தார்கள். நான் ஒருத்தருக்கும் காட்டவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மாப்பிள்ளை நல்ல பொடியன், மருந்துக் கடையில் நிற்கிறான். தங்கச்சி ஜன்னல்களுக்கெல்லாம் பூப்போட்ட சீலை தைத்துப் போட்டாள். மாரி பிறந்தது. ஒவ்வொரு மழைக்கும் நான் வட்டைப் பக்கம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்து என்ன செய்யப்போகிறேன்? ஒன்றுமில்லை, பார்ப்பேன். பிறகு விடாமல் பிடித்துக்கொண்ட மழை ஒன்று வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில் தங்கச்சியின் போன் கோல் வந்தது. குசினிக்குள் அடுப்படி வரை தண்ணீர் வந்துவிட்டது என்றாள், கத்தவில்லை, அழவில்லை, தண்ணீர் வந்துவிட்டது காக்கா என்று மட்டும் சொன்னாள்.

போகிற வழியில் தோணா வாயைப் பார்த்தேன். மணல்மேட்டில் மண் வெட்டுகிற பெக்கோ மெசின் வந்து நின்றது. ஊரில் பாதி அங்கேதான் நின்றது. வெட்டு என்று ஒரு சாரார், கடல் கொந்தளிக்கிறது, இப்போது வெட்டினால் கடல்தான் உள்ளே வரும் என்று இன்னொரு சாரார். இரண்டு சாராரும் சொல்வது சரி. மெசின்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலைச் செங்கல்லில் ஏற்றி, அதன் மேல் மெத்தை, மெத்தைக்கு மேல் அரிசிச் சாக்கு. மாப்பிள்ளை காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு பக்கத்து வளவுக்கு ஏறினான். பக்கத்து வீட்டார் மேட்டில் நின்று கை கொடுத்து வாங்கினார்கள், தங்கள் விறாந்தையில் இடம் ஒதுக்கினார்கள், இடியப்பம் அவித்துக் கொண்டுவந்தார்கள். அவர்களோடு கோபப்படவும் எனக்கு வழியில்லை. நிரப்பின மண்ணுக்கடியில் புதைத்ததெல்லாம் ஓரத்தால் கிளம்பி வந்து அறைக்குள் மிதந்தது, பொலிதீன் பைகளும் யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பும். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளின தண்ணீர் திரும்பி வந்தது. அவர் திரும்பவும் தள்ளினார். என் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. 

தங்கச்சி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் போனைக் கேட்டாள். அந்தச் சதுப்புப் படத்தைக் காட்டுங்கள் என்றாள். அதில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வெளியே போகும் என்று கீறியிருந்தீர்கள்தானே, பார்க்கவேண்டுமாம். பிறகு பார்க்கலாம் என்றேன். விடவில்லை. மாரிப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். தோணாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள், பூதத்தைத் தாண்டினாள், பன் மூழ்கிக் கிடந்த இடத்தின் ஓரத்துக்கு வந்தாள். அங்கே விரல் நின்றது. இன்னும் பெரிதாக்கினாள்.

"என்ட ஊடு எங்க காக்கா?"

நான் என்ன சொல்ல? எடுக்கச் சொன்னார்கள் என்றா, நம்பமாட்டார்களாம் என்றா?  அவள் அந்த நீலத்தைப் பார்த்தாள், குனிந்து தன் முழங்காலைச் சுற்றி நின்ற தண்ணீரைப் பார்த்தாள்.

"சரியாத்தான் கீறி இரிக்கீங்க," என்றாள்.

போனை என் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அலுமாரியின் மற்றப் பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.