சாம்பார்ப் பையின் முடிச்சு

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. மனைவி இடியப்பம் அவிப்பாள். வியாபாரமும் அவள்தான் பார்ப்பாள். நான் பின்னால் நின்று மா அரைப்பேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை, இது ஒத்துவந்தது.

தோசை சுட ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளுடைய தாய் மன்னாரில் பிறந்தவள், சண்டைக் காலத்தில் இந்தியாவுக்கு ஓடினவள். மகள் பிறந்து வளர்ந்தது அங்கே அகதி முகாமில். இரண்டு பேரும் கள்ளப் படகில்தான் திரும்பி வந்தார்கள். கோர்ட்டில் தண்டம் கட்டினார்கள். தாய் மன்னாரில் நின்றுவிட்டாள், மகள் வேலை தேடிக் கொழும்புக்கு வந்தாள். இந்தியாவும் அவளைத் தன் ஆள் என்று சொல்லவில்லை, இங்கேயும் பதிவு இல்லை. முந்தின இடத்தில் அரைக் கூலிதான் கொடுத்தார்களாம். ஐடி, அடையாள அட்டை, இல்லாதவள் எங்கே போய் முறையிடுவாள்? பொலிஸ் மறிக்கும் என்று பஸ்ஸிலும் ஏற மாட்டாள். கடை, அறை, கோயில். அவளுடைய கொழும்பு அவ்வளவுதான்.

பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்காரர், முஸ்லிம் நானா, முதலில் முணுமுணுத்தார்.

"பேப்பர் இல்லாதவ வந்து எங்கட ஆக்கள்ட வேலய எடுக்கிறாவே, தம்பி."

தோசைக்கு வரிசை நின்றது. நின்ற சனம் அவரிடம் தேத்தண்ணி குடித்தது. அவர்கள் உட்கார நானா புது வாங்கு வாங்கிப் போட்டார். பிறகு சத்தமில்லை.

அவளுடைய பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டோம். நேரில் வரச் சொன்னார்கள். மனைவி அவளுக்குப் பாடம் எடுத்தாள்.

"என்ன வேலை எண்டு கேட்டா, வீட்டில சும்மா இருக்கிறன் எண்டு சொல்லு பிள்ளை. ஐடி இல்லாம வேலை செய்தது தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்போம்."

"பொய்யா சொல்றது, அக்கா?"

"அப்ப நீ வாயத் திறக்காத. இவர் சொல்லுவார்."

போகும் நாளில் அவள் விடியவே பார்சல்களைக் கட்டி வைத்துவிட்டு என்னோடு த்ரீவீல் ஆட்டோவில் ஏறினாள். சாம்பார்ப் பையை அவள் நூலால் சுற்றிக் கட்டுவாள். இந்தியாவில் ஹோட்டல் வேலையில் பழகினது. நுனியை இழுத்தால் ஒரே இழுவையில் அவிழும். தெரியாதவன் கை வைத்தால் இறுகும்.

அலுவலகத்தில் இருந்தவர் சிங்கள அதிகாரி, மாத்தயா என்றுதான் கூப்பிட வேண்டும். தாயின் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒன்றுமில்லை மாத்தயா, வீட்டில்தான்" என்றேன்.

எழுதிக்கொண்டார். சாப்பாட்டு நேரம், கொஞ்சம் இருங்கள் என்றார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு பார்சலை எடுத்தார். எங்கள் கடைப் பார்சல்.

சாம்பார்ப் பை அவிழவில்லை. நகத்தால் கிள்ளினார். பல்லால் கடித்தார். இவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ சார், கடிக்காதீங்க! சட்டையெல்லாம் கொட்டிரும். இந்த நுனியப் புடிச்சு இழுங்க."

எழும்பிப் போய் அவளே இழுத்தாள். அவிழ்ந்தது.

மாத்தயா பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தினமும் இதைக் கட்டுவது இந்த நங்கியா?" தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்பார்கள்.

இனி என்ன மறைக்க?

"ஓம் மாத்தயா. பயத்தில் பொய் சொன்னோம்."

அவளுக்குச் சிங்களம் விளங்காது. என் முகத்தைப் பார்த்தே கண் கலங்கினாள். அவர் எழுதினதை வெட்டினார். சமையல் என்று எழுதினார்.

"தாய் இந்த நாட்டாளா என்பதுதான் எனக்கு வேண்டும். அது இருக்கிறது. மட்டக்குளியிலிருந்து வரும் வழியில் உங்கள் கடையில்தான் வாங்குகிறேன். தினமும் இந்த முடிச்சோடு சண்டை."

சட்னிப் பையையும் அவளிடமே நீட்டினார்.

பிரஜாவுரிமைக் கடிதம் வந்தது. பிறகு ஐடி. அன்றைக்கே தனியாகப் பஸ் ஏறிக் கல்கிசைக்குப் போய்க் கடல் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாருமே மறிக்கலண்ணே" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வருடம் திரும்புமுன் வெள்ளவத்தையில் சொந்தமாகக் கடை போட்டாள். வாடகைக்கு எழுத இப்போது ஐடி இருக்கிறதே. இரண்டு பெண்கள் அவளிடம் வேலை செய்கிறார்கள், முழுக் கூலிக்கு. எங்கள் தோசை வியாபாரம் விழுந்தது உண்மை. ஆனால் இடியப்பம் எங்களிடம்தான் எடுக்கிறாள். மனைவிக்கு அவித்து முடியவில்லை.

மாத்தயா இன்னும் வருகிறார். சாம்பார்ப் பையில் இப்போது ரப்பர் பட்டி.

"அந்த நங்கி எங்கே? சாம்பார் முன்னைப் போல இல்லையே."

"வெள்ளவத்தையில் கடை போட்டுவிட்டாள், மாத்தயா."

"அவ்வளவு தூரம் யார் போவது?"

"அவளுடைய பேப்பரில் கையெழுத்து வைத்தது நீங்கள்தானே" என்றேன்.