ஓடையைத் தாண்டிய ரதி

எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே அழகான பெண் யாரென்று அந்த வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் மாமா என்று சொல்லியிருப்பேன். மாசி மாதம் காமன் கூத்துக்குக் காப்புக் கட்டி, சிவப்புச் சேலை உடுத்து, சவுரி வைத்துப் பின்னி, அவர் ரதியாக வந்து நின்றால் லயத்து வரிசை வீட்டுப் பெண்களே வாயைப் பிளப்பார்கள். மற்ற நாட்களில் அவர் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற சாதாரண ஆள். பீடி நாற்றம் வேறு.

அம்மாவின் தம்பி அவர். அவரும் அத்தையும் எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு நடந்து அலுத்துப்போய், மூன்று வருசம் விடாமல் மாமா ரதி ஆடுவார் என்று அத்தைதான் காமனுக்கு நேர்ந்துகொண்டாள். ஆடுவது மாமா, விரதம் கிடப்பது இரண்டு பேரும். பெரியவர்கள் பேசியதெல்லாம் என் காதிலும் விழுந்ததுதான். எனக்கு அதில் பிடிபட்டது ஒன்றே ஒன்று. மூன்றாவது வருசம் முடிந்தால் மாமா ஆட்டத்தை நிறுத்திவிடுவார். அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காப்பு என்றால் சும்மா இல்லை. மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால், காமனை எரிக்கிற ராத்திரி வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நேர்த்திக்கடன் போச்சு. கீழே ஓடுகிற ஓடைதான் எங்களுக்கு எல்லை. அதற்கு அந்தப் பக்கம் சிங்கள ஆட்களின் நாலைந்து வீடுகள், அதற்கு மேலே மலை முழுக்க மானாப்புல்.

அந்த மூன்றாவது வருசம் பார்த்து வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பீலிக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்தார்கள். மானாப்புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்றது. சாயங்காலமானால் வானம் கறுத்து, இடி இடித்து, மின்னி, ஒரு பொட்டுத் தண்ணீர்கூட விழாமல் கலைந்துபோகும். “வெறும் வாய்ச் சவடால்” என்று அம்மா அண்ணாந்து பார்த்து வானத்தைத் திட்டுவாள்.

காமனை எரிக்க வேண்டிய பௌர்ணமியும் வந்தது. அன்று லீவு. மஸ்கெலியா நீர்த்தேக்கம் வற்றி, உள்ளே மூழ்கிக் கிடந்த பழைய கோயில் வெளியே வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் ஆட்கள் லொறி பிடித்துக் கும்பிடப் போய்விட்டார்கள். அம்மா என்னையும் கூப்பிட்டாள். மாமாவுக்கு வேஷம் கட்டுவதைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்து நான் நின்றுகொண்டேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் வெள்ளை உடுத்துப் பன்சலைக்கு, அவர்களுடைய புத்த கோயிலுக்கு, போயிருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள்.

எங்கள் பக்கம் மிஞ்சியது எல்லை தாண்டக்கூடாத மாமா, அவரைப்போலவே காப்புக் கட்டிய, மன்மதனாக ஆடுகிற அண்ணன், தப்படிக்கிற கிழவர் ஒருவர், கால் முடியாத கோயில் தலைவர், அத்தை, நான். மாமாவுக்குக் கண் மை தீட்டி முடித்த நேரம். பளீரென்று ஒரு வெளிச்சம், மலை பிளந்த மாதிரி ஒரு சத்தம். எதிர் மலை உச்சியில் நின்ற மரம் புகைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மானாப்புல் பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து காற்று அடித்தது. நெருப்பு வீடுகளைப் பார்த்து இறங்கியது.

“கின்னக்! கின்னக்!” என்று அந்தப் பெண் கத்தினாள். நெருப்பு, நெருப்பு என்று அலறுகிறாள் என்பது எனக்கே விளங்கியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவருவாள், மாடு கட்டியிருப்பது நினைவுக்கு வந்து திரும்பவும் உள்ளே ஓடுவாள். மாமா ஓடைக்கரைவரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டார்.

“தம்பி, காப்புக் கையோட ஓடையில கால வைக்காத” என்றார் தலைவர். “மூணு வருசம் ஒழைச்சிட்ட. இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி. லொறி வந்துரும்.” அவர் கெட்ட மனிதர் இல்லை. மாமாவுக்காகத்தான் சொன்னார்.

மாமா அவரைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார்.

“என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் அத்தை. “புள்ள இருக்கிற வூடுங்க அது.”

மாமா அசையவில்லை. அத்தையே இறங்கிவந்து அவர் கையைப் பிடித்து, காப்பு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நூலை இடுப்பில் செருகிக்கொண்டு, “போங்க!” என்று அவர் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

சிவப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரதி ஓடையைத் தாண்டி ஓடினாள். சிரிக்கவேண்டிய காட்சிதான், ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. போன வேகத்தில் குழந்தையோடு திரும்பிவந்தார். அது அவருடைய சவுரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. அத்தை கையில் கொடுத்துவிட்டு, லயத்திலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். மாட்டை அவிழ்த்துவிட்டு, அந்தக் கத்தியால் வீட்டுக்கு மேலே புல்லை வீச ஆரம்பித்தார். வெட்டிய புல்லை அந்தப் பெண் வாரி வாரி அப்பால் எறிந்தாள். எங்கள் பக்கம் தப்பு விடாமல் முழங்கியது. கூத்துக்கு அடிக்கிற அடி இல்லை, செத்தவரையும் எழுப்புகிற அடி. அது கேட்டுப் பன்சலையிலிருந்து வெள்ளை உடுப்போடு ஓடிவந்தார்கள். பின்னாலேயே எங்கள் லொறியும் வந்தது. பச்சைக் கொப்பையும் நனைத்த சாக்கையும் வைத்து ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள். மாமா செதுக்கிவைத்த வெறுந்தரைக்கு வந்ததும் நெருப்பு தடுமாறியது. மாட்டுக்கொட்டில் போனது, வீடு நின்றது.

நான் கொழும்புக்கு வந்து எத்தனையோ வீரதீரப் பேச்சுக் கேட்டிருக்கிறேன். பல்லால் முடிச்சவிழ்த்த என் அத்தையின் கால்தூசிக்குக் காணாது எல்லாம்.

பொழுது சாய்கிற நேரம் அந்தப் பெண் குழந்தையை வாங்க வந்தாள். அது அத்தையின் தோளில் தூங்கிப்போயிருந்தது. “பொஹோம பின் அக்கே” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பெரிய புண்ணியம் அக்கா என்று அர்த்தம். அத்தை தலையாட்டினாள், குழந்தையை உடனே கொடுக்கவில்லை. முந்தானையை எச்சில்படுத்தி அதன் கன்னத்துக் கரியை மெதுவாகத் துடைத்தாள். கரி போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று கூத்து நடந்தது. ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்திக் காமனை எரித்தார்கள். நெருப்பைப் பார்க்கிற ஆசை ஒருத்தருக்கும் மிச்சமில்லை. ரதியாக வேறு ஒருவர் ஆடினார். விறகுக்கட்டைக்குச் சேலை கட்டிய மாதிரி இருந்தது. மாமா கொப்புளம் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண் மை வழிந்த முகத்தோடு கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

மறுநாள் காலை அத்தை எனக்குத் தலை சீவிவிட்டாள். எனக்கு இருந்தது ஒரே கவலை.

“அத்தே, இனிமே மாமா ரதி ஆடவே மாட்டாரா?”

அத்தை முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.

“ஆடுவாரு பாப்பா. போனது போச்சுல்ல. இனி மறுபடி மொதல்லேருந்து மூணு வருசம் ஆடணும்.”

எனக்கு வந்த சந்தோசத்தைக் கேட்கவேண்டுமா! முடிந்தே போய்விட்டது என்று நினைத்த கூத்து, இன்னும் முழுசாக மூன்று வருசம்! பாதி பின்னிய சடையோடு துள்ளி எழுந்து கைதட்டினேன். “அய்யா, மூணு வருசம்! மூணு வருசம்!” என்று லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று கத்திச் சொல்லிக்கொண்டு ஓடினேன். திரும்பிவந்து பார்த்தபோது அத்தை சீப்பைப் பிடித்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நானும் குதித்துப்போய் அவள் முன்னால் உட்கார்ந்து, மிச்சத்தைப் பின்னிவிடச் சொன்னேன்.