பேர் இல்லாத வரிகள்

என் வேலை என்னவென்று அத்தைக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அத்தை என்றால் மாமியார். கீழ் கோத்தகிரிச் சரிவில், ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், அங்கே கொழுந்து பறிக்கும் அவரோடுதான் இருக்கிறேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை. நான் வீட்டிலிருந்தபடியே கோவைக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் விளக்கக் குறிப்புகள் எழுதுகிறேன்.

"ஏஜென்ட்டுக்கு எழுதுறேன் அத்தை, எப்படி வேலை செய்யணும்னு."

"எந்த ஃபேக்டரிக்கு எலை எடுக்குற ஏஜென்ட்டு?"

தேயிலையை நிறுத்து வாங்கும் ஏஜென்ட்டைத்தான் அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏஜென்ட் என்றதும், "அப்ப தராசுல கை வைக்க மாட்டான்" என்று சிரித்தார்.

எஸ்டேட்டுகளின் பழைய வருகைப் பதிவேடுகளை அந்த ஏஐ ஏஜென்ட்டுகள் படித்து, நூற்றுக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் தரவுத்தளத்தில் ஏற்றும். அதற்கென ஒரு கருவி. கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்று ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லும் குறிப்பு என் பொறுப்பு. பதிவேடுகள் தமிழில் இருந்ததால் குறிப்பும் தமிழிலேயே இருக்கட்டும் என்றார்கள். எங்கள் எஸ்டேட்டின் பதிவேடும் அதில் உண்டு என்று தெரிந்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சோதனையின்போது பெயர்க் கட்டம் காலியாக இருந்த வரிகளையும் ஏஜென்ட்டுகள் ஏற்றிவிட்டன. நான் ஒரு விதி சேர்த்தேன்: 'பேர் இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடவும்.' சுருக்கமாக, எளிமையாக எழுதிவிட்டதாக நினைப்பு. கம்பெனி மேலாளர்கூடப் பாராட்டினார்.

எங்கள் லயத்தில் சிலோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அதிகம். அவர்கள் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. "இன்னிக்குப் பேர் கெடச்சிச்சா?" "அரைப் பேர்தான்." தினமும் சாயங்காலம் என் காதில் விழுவதுதான் இது. பழைய கணக்குப்பிள்ளையும் பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறார். வேலைக்கு வராதவரின் பெயருக்கு எதிரே 'பேர் இல்லை'. ஆள் எஸ்டேட்டில்தான் இருக்கிறார், அன்று வேலைக்கு வரவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். ஏஜென்ட்டுகள் என் சொல்லைத் தலைமேல் கொண்டு அந்த வரிகளை எல்லாம் விட்டுவிட்டன. இங்கேயே குடியிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. காது இருந்து என்ன பயன்?

அத்தைக்கு இந்த மாதத்தோடு ரிட்டயர்மென்ட். ஓய்வு பெறுவோரில், விடுப்பில் இருந்த நாட்களிலும்கூட இடைவெளி இல்லாமல் பதிவில் பெயர் இருந்தவர்களுக்கு, நாங்கள் ஏற்றிய தரவுத்தளத்தைப் பார்த்து எஸ்டேட் நிர்வாகம் வீடு ஒதுக்கியது. மற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஆபீஸ் வாசலில் ஒட்டிய பட்டியலில் அத்தை இல்லை. கேட்டதற்கு, நடுவில் ஆறு மாதம் வேலையிலேயே இல்லையே என்றார்கள். இளவயதில் காட்டெருமை முட்டி இடுப்பெலும்பு முறிந்து அத்தை படுத்திருந்த ஆறு மாதம் அது. பட்டியலில் இருந்தவர்களுக்கு விடுபட்டது ஒன்றிரண்டு நாள்; அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்த மத்தியானமே மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். என் விதி அங்கே இருந்தது. 'பேர் இல்லை' என்றிருந்த அத்தையின் அந்த ஆறு மாத வரிகளில் ஒன்றுகூட ஏறியிருக்கவில்லை. மேலாளருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, குறிப்பை இப்பவே திருத்திடலாமுங்க. ஆனா ஏத்துனதை மறுக்கா ஏத்தோணும்னா எஸ்டேட்காரங்க எழுதிக் கேக்கோணுமுங்க. அது எப்போன்னு நான் சொல்ல முடியாதுங்க," என்றார்.

இரண்டு நாள் அத்தையிடம் இதை மறைத்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை. அவர் சோறு போட்டுக் கொடுத்தார், நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். பட்டியல் விஷயத்தில் எனக்கும் வருத்தம் போல என்று எண்ணி, கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

மூன்றாம் நாள் காலை ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"எஸ்டேட் மேனேஜர் தொரைக்கு ஒரு மனு எழுதிக் குடு புள்ள. நீதான் நல்லா எழுதுவியே. தப்பு என்னுதுதான்னே எழுது. நாலாம் மாசமே எந்திரிச்சு நடந்துட்டேன். வலிக்குதுன்னு இன்னும் கொஞ்சம் படுத்துக்கிட்டேன். அப்பவே வேலைக்குப் போயிருந்தா இந்தக் கேடு வந்திருக்காது."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. என் விதியை, விடுபட்ட வரிகளை, இரண்டு நாள் மறைத்ததை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

அத்தை தாளை ஓரமாக நகர்த்தினார்.

"அப்ப, நான் படுத்துக் கெடந்தது தப்பில்லையா புள்ள?" என்று கேட்டார்.