கரண்ட் வந்த பிறகு

அந்தத் தெருவில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பேர். சலவைக் கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஒரு மூலையில், ஒரு தையல் மெஷினும் ஒரு மேஜை விளக்கும் அவளுடைய ராஜ்யம். பேன்ட் உயரம் குறைப்பாள், கோட்டின் உள்துணி மாற்றுவாள். குளிர்காலம் வந்துவிட்டால் அதெல்லாம் ஓரமாகப் போய்விடும்; ஜிப், ஜிப், மறுபடியும் ஜிப். "கோட்டைத் திறன்னா கோட்டைக் கதவைத் திறக்கிற மாதிரி இழுக்கிறாங்க" என்பாள், பல் பிடுங்கிய ஜிப்பை விளக்கில் தூக்கிப் பார்த்தபடி.

அவள் கணவர் குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக்காக இருந்தவர். இறைச்சியும் ஐஸ்கிரீமும் அடுக்கிய அறைகளுக்குள் புகுந்து, உறைந்த குழாய்களோடு மல்லுக்கட்டி, விரல் நுனி நீலம் பாரித்து வீட்டுக்கு வருவார். ஒருநாள் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியோடு வந்தார். "வேலையிலதான் குளிரு. வீட்டுலயாவது ஒரு சூடான கடல் இருக்கட்டுமே" என்றார். அப்படித்தான் கூடத்தில் அந்த உப்புத் தண்ணீர்த் தொட்டி வந்து உட்கார்ந்தது.

சாதாரண மீன் தொட்டி மாதிரி அல்ல அது. கடலிலிருந்து வந்த பாறைகள், அவற்றின்மேல் பொத்தான் பொத்தானாகப் பவளங்கள், பூ மாதிரி விரல்களை விரித்து ஆடும், கடல் சாமந்தி என்ற ஓர் உயிர். அதற்குள் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சுக் கோமாளி மீன்கள் ஒரு ஜோடி. மணலில் ஒரு வளை. அதில் மஞ்சள் மீன் ஒன்றும், பார்வை மங்கிய ஒரு சின்ன இறாலும் குடித்தனம். இறால் வளையைத் தோண்டும், மீன் வாசலில் காவல் இருக்கும். அந்த இறால் கொடுக்கைச் சொடுக்கினால் 'டக்' என்று கண்ணாடியில் கல் பட்ட மாதிரி சத்தம் கேட்கும்.

ஜிப்பக்காவுக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. "நமக்கு ஒரு அறைக்கு மேல ஹீட்டர் போட மனசு வராது, மீனுக்கு மட்டும் வருஷம் முழுக்கக் கோடை" என்று முனகுவாள். பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. சுவரோரம் ஆக்சிஜன் மெஷின் வந்தது. அதன் குழாய் மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் அவர் உலகம் என்றானது. குழாய் தொட்டிவரை எட்டியது. அதற்குப் பிறகு அவள் முனகுவதை விட்டுவிட்டாள்.

அந்த வருடம் பனிமழை பிடித்துக்கொண்டது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. மின்கம்பிகள் குழந்தையின் கை கனத்துக்கு ஐஸ் சுமந்து தொங்கின. மத்தியானம் எங்கோ ஒரு மரம் முறிந்த சத்தம் கேட்டது. தொட்டியின் நீல விளக்கு அணைந்தது. ஆக்சிஜன் மெஷின் ஒரு தடவை கத்திவிட்டு அடங்கியது.

மாற்று சிலிண்டர் ஒன்று இருந்தது. அதில் அதிக நேரம் ஓடாது. தொட்டியின் அடியில், கரண்ட் போனால் மீன்களுக்குக் காற்று ஊதுவதற்கென்று அவரே செய்து வைத்திருந்த பேட்டரி ஒன்றும் இருந்தது. அவள் மண்டி போட்டு அதைக் கழற்றத் தொடங்கினாள்.

"அதைத் தொடாத" என்றார் அவர்.

"சும்மா இருங்க."

"எனக்கு சிலிண்டர் இருக்கு. அதுங்களுக்கு என்ன இருக்கு?"

அவள் பேட்டரியை இழுத்து வந்து அவர் மெஷினில் மாட்டினாள். தொட்டியில் கடைசிக் காற்றுக் குமிழ் மேலே வந்து உடைந்ததை இருவரும் பார்த்தார்கள். சாயங்காலம் பேட்டரியும் தீர்ந்து, சிலிண்டரின் முள்ளும் சரிந்து, அவர் உதடு கறுக்கத் தொடங்கிய நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். தலையை மட்டும் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போனார். அவள் மருந்துப் பையை எடுத்தாள், ஒரு சால்வையை எடுத்தாள், கதவைப் பூட்டினாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் கொஞ்சம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"கிளம்பும்போது தொட்டியோட ப்ளக்கையெல்லாம் பிடுங்கிட்டுத்தானே வந்த?"

அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் தானாக, "ம், பிடுங்கிட்டேன்" என்றது.

"நல்லவேளை." அவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். "குளிரைக்கூடக் கொஞ்சம் தாங்கும். ஃபில்டர் டப்பாதான் எமன். மூடின டப்பா, உள்ள ஓட்டமே இல்லாம தண்ணி அழுகிடும். கரண்ட் வந்து மோட்டார் தானா ஓடிச்சுன்னா அத்தனை விஷமும் நேரா தொட்டிக்குள்ள. நீ பிடுங்கினது நல்லது."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் போர்வையின் மடிப்பைச் சரி செய்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த மடிப்பு. வெளியே பாதைகள் அடைத்துக் கிடந்தன, பஸ் இல்லை, எந்தத் தெருவுக்குக் கரண்ட் வந்தது, எதற்கு வரவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் நின்று நின்று பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, தன் தெருவுக்கு மட்டும் கரண்ட் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் நாத்தனாரைக் காவல் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். படியேறும்போதே வாசல் விளக்கு எரிவது தெரிந்தது. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. முட்டை அழுகிய மாதிரி, அதற்கு மேல் கடல் வாடை. கூடத்தில் எல்லாம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. நீல விளக்கு, மோட்டார், ஹீட்டர். தண்ணீர் மட்டும் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. கோமாளி மீன்களில் பெரியது மேலே மிதந்தது. சாமந்தி உருகிப் பாறைமேல் சளியாக வழிந்திருந்தது. மஞ்சள் மீன் வளை வாசலில், காவல் இருந்த இடத்திலேயே, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் தரையில் உட்கார்ந்தாள். ஒரே இழுவையில் பிடுங்கியிருக்கலாம். நாள் முழுக்க எத்தனை ப்ளக் பிடுங்குகிறாள், எத்தனை சொருகுகிறாள்.

கணவர் தொட்டிக்கு மீன் வாங்குகிற கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் வாளிகளும் குழாயும் உப்பு மூட்டையுமாக வந்து, முதல் வேலையாக ஃபில்டர் டப்பாவைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தார். கறுப்பாக ஊற்றியது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இவ்வளவு சாவு கரண்ட் போனதால இல்ல. கரண்ட் வந்ததால."

"தெரியும் தம்பி."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நீங்க வேலையப் பாருங்க."

செத்ததை எல்லாம் வலையால் எடுத்தார்கள். பாறையில் ஒட்டியிருந்த நத்தைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, செத்தது எது, உயிருள்ளது எது என்று பிரித்தார்கள். உப்புக் கரைத்த புதுத் தண்ணீரைச் சூடு பார்த்து, உப்பளவு பார்த்து, பழையதைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, புதியதைக் கொஞ்சம் விட்டார்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் மிச்சம் இருக்கும் உயிரும் போய்விடும் என்றார் கடைக்காரர். மிச்சம் என்று ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அப்போது சின்னக் கோமாளி மீன் மோட்டாரின் பின்னாலிருந்து, செவுள் படபடக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் மணலுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். இறாலும் இருந்தது.

"பெரிசுதான் பொண்ணு" என்றார் கடைக்காரர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "அது போயிட்டா இந்தச் சின்ன ஆணு மெல்ல மெல்லப் பொண்ணா மாறிடும்கா."

"அந்த வசதி உங்க அண்ணனுக்கு இருந்தா நல்லாயிருக்கும். நான் போனா ஒரு வாய் சோறாவது பொங்கித் தின்பாரு."

கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரிக்கப் போனாள், அது வேறு மாதிரி வந்து முடிந்தது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அதிலிருந்து அவளுக்கு மூன்று வேலை: காலையில் தொட்டி, பிறகு ஜிப், சாயங்காலம் ஆஸ்பத்திரி. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும்; பச்சை என்றால் விஷம், மஞ்சள் என்றால் பிழைத்தோம். கடைக்காரர் கொடுத்த நிற அட்டை அவளுக்குப் போதவில்லை. நூல்கண்டுகளைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முதலில் வாழையிலைப் பச்சை. கொஞ்சம் குறைந்தால் கிளிப்பச்சை. ஒருநாள் குறையும், மறுநாள் பாறை இடுக்கில் எதுவோ செத்து மறுபடி வாழையிலைக்கே போகும். உப்புத் தண்ணீரில் ஊறி ஊசி குத்திய விரல்களெல்லாம் எரிந்தன. பவளங்கள் ஒவ்வொன்றாக நிறம் செத்து, வெறும் சுண்ணாம்பாக நின்றன. எதையும் தாங்கிப் பிழைக்கும் என்று கணவர் முன்பு பெருமையடித்துக்கொண்ட பச்சைப் பவளம்கூட ஒரு காலையில் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் கேட்பார்.

"மஞ்சப் பையன் எப்படி இருக்கான்?"

"வளைக்குள்ளயே இருக்கான்."

"குளிரு. பயந்திருப்பான். சாமந்தி விரிஞ்சிருக்கா?"

"விரிஞ்சிருக்கு."

நடைபாதைக்கு வந்ததும் நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க அண்ணி. அதே மாதிரி ரெண்டு வாங்கி விட்டுடுங்க. அண்ணனுக்கு என்ன, மச்சம் வச்சு அடையாளம் பார்க்கவா போறாரு?"

அந்த ஆசை அவளுக்கும் வந்தது. கடைக்காரரிடம் கேட்டாள். இந்தத் தண்ணீரில் மீன் விட்டால் அது கொலை என்று அவர் மறுத்துவிட்டார். அத்தோடு அதை விட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று குப்பி கிளிப்பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது, தெளிந்ததுதான் வினை. வெறும் பாறைகள், அவற்றின்மேல் புதிதாகப் படரத் தொடங்கிய பழுப்புப் பாசி, ஒரு மூலையில் ஒற்றை மீன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் குழாயை மாட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"பிடுங்கினேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"பிடுங்கல."

"இல்ல."

அவர் திட்டுவார் என்று நின்றாள். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம்.

"அன்னைக்கே தொடாதன்னு சொன்னேன்" என்றார். "நான் போயிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்."

"அப்படிப் பேசாதீங்க."

"என்னை ஒரு மெஷின்ல சொருகி வச்சிருக்க. அதை ஒரு மெஷின்ல சொருகி வச்சிருக்க. யாருக்காக?"

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். பால் வைத்திருக்கவில்லை.

மறுநாள் நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பச் சொன்னார். அதன்பின் அவர் பார்வை முழுக்க ஜன்னலில்தான். எதிர்ச் சுவரும் ஒரு குப்பைத் தொட்டியும் அதில் தெரியும். அவர் முதுகுக்குப் பின்னால் அவள் தன்பாட்டுக்கு வேலை செய்தாள். பாசியைச் சுரண்டினாள். தண்ணீர் மாற்றினாள். ஒற்றை மீனுக்குத் தீனி கிள்ளிப் போட்டாள். அது மெல்ல நிமிர்ந்து நீந்தத் தொடங்கியது. இறாலின் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காவலுக்கு ஆள் இல்லாமல் அது வளையை விட்டு வருவதில்லை என்றார் கடைக்காரர். தீனியை வளை வாசலிலேயே நீளக் குழாயால் வைத்துப் பார்த்தாள். சில நாள் எடுத்துக்கொண்டது. பிறகு எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை தண்ணீரை உறிஞ்சும்போது குழாய் நழுவி, கூடமெல்லாம் உப்புத் தண்ணீர் ஓடியது. துணியைப் போட்டு அவள் துடைத்துக்கொண்டிருக்கையில், ஜன்னலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

"வாளியை இன்னும் கீழ எறக்கி வை."

நாற்காலியைத் திருப்பிய பின் தொட்டியைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அதையே அவள் பெரிதாக எடுத்துக்கொண்டு, வாளியை இறக்கி வைத்து, "இப்படியா?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

தெருவில் பனி கரைந்து சேறான சமயத்தில் குப்பி சுத்தமான எலுமிச்சை மஞ்சளுக்கு வந்தது. ஒரு காலை, இன்னொரு காலை, அப்படியே நின்றது. பாறையின் அடியில் ஊதா நிறத்தில் ஒரு நகக்கண் அளவு நல்ல பாசி புதிதாகப் படிந்திருந்தது. தொட்டி பிழைத்துக்கொண்டது, இனி ஒவ்வொன்றாக மீன் விடலாம் என்றார் கடைக்காரர். குப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர் கண்முன்னால் நீட்டினாள்.

"மஞ்சளாயிடுச்சுங்க."

அவர் குப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கை ஏன் இப்படி வெடிச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே மறுபடி மூச்சு முட்டியது. கரண்ட் இருந்தது, மெஷின் ஓடியது, சிலிண்டர் நிறைய இருந்தது. எதுவும் உதவவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, ஆக்சிஜன் மெஷினை எடுத்துப் போக ஆள் வந்து போன பிறகு, நாத்தனார் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேச்செடுத்தாள். "அண்ணி, இதையும் யாருக்காவது கொடுத்துடலாமே. உங்களுக்கு எப்பவும் பிடிக்காதே இது."

"இப்பவும் பிடிக்கல" என்றாள் ஜிப்பக்கா.

"பின்ன எதுக்குக் கஷ்டப்படணும்?"

அவள் உப்பு மூட்டையின் வாயை அவிழ்த்தாள். குவளையால் அளந்து வாளியில் போட்டாள். உப்பு அடியில் போய்க் குவிந்தது.

"கடை இல்லாத ஞாயித்துக்கிழமையில வேற என்ன செய்யச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு, கையை முழங்கைவரை உள்ளே விட்டுக் கலக்கத் தொடங்கினாள்.