காருக்கும் ஒரு பிடிகயிறு

தம்பிதுரையைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. அவன் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் இது. அன்றைக்கு என் கைதான் பதறிவிட்டது.

ஈரோட்டில் பெருந்துறை ரோட்டோரம் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். பெயர் நரசிம்மலு. கோபம் கொஞ்சம் அதிகம் என்பார்கள், அதில் பொய்யில்லை. தம்பிதுரை என்னைவிடப் பத்து வயது சின்னவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நேரில் கூப்பிடும்போது கவுண்டரே என்றுதான் கூப்பிடுவேன்.

பெருந்துறைக்குத் தெற்கே அவனுக்குக் கொஞ்சம் மேட்டாங்காட்டு நிலம். கிணறு வற்றிப் பல வருஷம். ஒரு ஜோடி எருதையும் வண்டியையும் வைத்துக்கொண்டு ஈரோடு ஜங்ஷனிலிருந்து ஆள் ஏற்றிப் பிழைத்தான். பஸ் வந்தது, வண்டியில் ஏற ஆளில்லை. 1936 தை மாதம் எருதுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு நேரே என் பட்டறைக்கு வந்தான்.

"ஏனுங் மேஸ்திரி, ஒரு காரு பார்த்துக் குடுங்க. இன்னொருக்கா வாங்கற சத்து எனக்கில்லீங்க. நான் சாகற மட்டும் அதுதான் ஓடோணும்."

அப்போது விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்று கோயமுத்தூர் மில் மானேஜர் ஒருவருடையது. நாலு வயது, மழை உள்ளே வராத கூண்டு, பித்தானை அமுக்கினால் தானே கிளம்பும். இன்னொன்று திண்டல் மேட்டில் நாச்சியம்மாள் என்கிற பண்ணைக்கார அம்மாள் வீட்டில் நின்றது. பதின்மூன்று வயது, துணிக் கூரை, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். கண்ணை மூடிக்கொண்டு புதியதை வாங்கு என்றேன் நான்.

அவன் கண்ணை மூடவில்லை. எருதுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு முழு நாள் பார்த்தான். என்னை ஓட்டச் சொல்லிப் பாரம் ஏற்றி மேட்டில் விட்டான். நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மறுபடி கிளப்பினான். கடைசியில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டான்.

"இதுல எதை நானே கழட்டி நானே பூட்ட முடியுமுங்க?"

"பழசைத்தான் முடியும். புதுசுக்கு ஏதாவது ஆனால் கோயமுத்தூருக்குத்தான் ஓட வேண்டும்."

"அப்ப பழசுதானுங்க. பழகுன எருதுக்கு நோவு வந்தா என்ன நோவுன்னு நமக்கே தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொன்னதில் தப்பில்லை.

வண்டியை எடுக்கப் போன அன்றுதான் கூத்து. நாச்சியம்மாள் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, நடையில் ஒரு நிதானம். காரின் முன்னால் குனிந்து ஹேண்டிலை உருவி எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். அங்கே விற்ற மாடுகளின் கயிறுகள் ஆணியில் தொங்கின. அவற்றோடு ஹேண்டிலையும் மாட்டினார்.

இந்தப் பக்கத்தில் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடுவாள் என்று நம்பிக்கை. வாங்குகிறவன்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். அதெல்லாம் சரி. காருக்குமா? யானையை விற்றவன் அங்குசத்துக்கு அடம்பிடித்த கதைதான். தம்பிதுரையாவது கேட்பான் என்று பார்த்தால், அதுதான் நியாயம் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவன் எருதுகளின் பிடிகயிறு இரண்டும் அவன் வீட்டு விட்டத்தில் தொங்குகின்றன என்பது எனக்குத் தெரியும். விற்கிற பைத்தியமும் வாங்குகிற பைத்தியமும் ஒரே ஜாதகம் என்று வாய்விட்டே திட்டினேன். காரை ஆள் வைத்துத் தள்ளிக் கிளப்பித்தான் என் பட்டறைக்குக் கொண்டுவந்தோம்.

அந்த எரிச்சலோடுதான் புது ஹேண்டில் அடித்தேன். வண்டி அச்சு இரும்பு. நுனியில் எஞ்சினைக் கவ்வுகிற குறுக்காணியைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன். கடினமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதிகக் கடினம் கண்ணாடிக்குச் சமம், சட்டென்று ஒடியும். இருபது வருஷத் தொழில்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். கோபத்தில் செய்த வேலை.

ஒன்றரை மாதம் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதற்குள் தம்பிதுரை என்னிடம் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டான். பங்குனியில் கார்களைச் சோதித்து லைசென்ஸ் தருகிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். ஈரோட்டுக்கும் பெருந்துறைக்கும் வாடகைக் கார் ஓட்ட அந்தத் தடவை ஒரே ஒரு லைசென்ஸ். தம்பிதுரை முதலில் மனுப் போட்டிருந்தான். இரண்டாவது மனு பவானிக்காரர் ஒருவருடையது. அவர் கொண்டுவந்து நிறுத்திய காரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாங்கள் வேண்டாமென்று விட்ட அதே மில் மானேஜர் கார்.

சோதனை திண்டல் மேட்டில். தம்பிதுரையின் கார் மேட்டில் முனகாமல் ஏறியது. பாதி மேட்டில் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

"நிறுத்து. எஞ்சினை அணை. ம், இப்போ ஸ்டார்ட் பண்ணு."

தம்பிதுரை இறங்கிப் போய் ஹேண்டிலைச் செருகினான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் 'டக்'கென்று ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஹேண்டில் வெறுமனே சுழன்று அவன் முழங்காலில் அடித்தது. உருவிப் பார்த்தான், நுனியில் குறுக்காணி இல்லை. அவன் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

"சாமி, தள்ளிவிட்டால் கிளம்பிவிடும்" என்று நான் முன்னால் ஓடினேன்.

"தள்ளுறதுக்கு என் கையெழுத்து எதுக்கய்யா? பிள்ளைத்தாச்சியை ஏத்திக்கிட்டு நடுவழியில நின்னா யார் தள்ளுவா, நீர் வருவீரா?" கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "எனக்கு ஒன்றரைக்கு ரயில். அரை மணி தர்றேன். கிளம்பலேன்னா அடுத்தவர் வரலாம்."

பவானிக்காரர் தன் காரில் சாய்ந்துகொண்டு வெற்றிலை மடித்தார். என் பட்டறைக்குப் போய் உலை மூட்டிப் புது ஆணி அடிக்க அரை நாள் ஆகும். வேறு கார் ஹேண்டில் எதுவும் இதற்குச் சேராது. சேருகிற ஹேண்டில் ஒன்றுதான் உலகத்தில் இருந்தது, அது இரண்டு சோளக்காடு தள்ளி ஒரு மாட்டுக் கொட்டகையில் தொங்கியது.

ஓடினோம். நாச்சியம்மாள் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தம்பிதுரை மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னான்.

"சித்தெ நேரம் குடுத்தீங்கன்னா போதுமுங்க ஆத்தா. இப்பவே திருப்பிக் கொண்டாந்துபோடறேன்."

"கவுத்தை இரவல் குடுக்கறது உண்டுங்களா தம்பி? நீயே சொல்லு கண்ணு." குரலில் கடுமையே இல்லை. "ஒருக்கா எங்க ஊட்டுக்காரரு கேட்டவனுக்கு மனசெரங்கிக் கவுத்தோட மாட்டைக் குடுத்துட்டாரு. அந்த வருசமே அவரு போயிட்டாருங்க. இப்ப எம் பையன் ஒருத்தந்தான் மிச்சம். இன்னைக்குப் புதுக் காரு எடுத்துட்டுக் கோயமுத்தூரு போயிருக்கறான். நான் எப்படிக் குடுக்கறது?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "இரும்புக் கம்பியம்மா அது! கம்பிக்கும் உங்கள் மகன் உயிருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கப் போகிறது!"

"மேஸ்திரி, பேசாம இருங்க" என்றான் தம்பிதுரை. அப்படி அவன் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினான். "நீங்க சொல்றது நாயந்தானுங்க. நானும் குடுக்க மாட்டேன். வாரேனுங்க ஆத்தா."

கும்பிட்டுவிட்டு நடந்தான். எனக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. காலில் விழுந்து கேட்க வேண்டாமா? வாசற்படலைத் தாண்டினான், நின்றான். ஒரு கணம்தான். பிறகு காரைப் பார்த்து ஓட்டம் பிடித்தான். நான் பின்னாலேயே ஓட முடியாமல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். காரில் முன் சீட்டைத் தூக்கி எதையோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். மஞ்சள் துணியில் சுற்றிய பொட்டணம். துணியைப் பிரித்தான். அவன் எருதுகளின் பிடிகயிறு இரண்டும் உள்ளே இருந்தன.

லைசென்ஸ் கிடைக்க வேண்டுமென்று அவன் பெண்டாட்டி தெய்வாத்தாள் காலையில் பூசை போட்டு வைத்தனுப்பியதாம். அந்த எருதுகள் அவளுடைய அப்பன் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தவை. அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"ஆத்தா, இது எங்கூட்டுக் கவுறுங்க. இதை நீங்க வச்சுக்கங்க. உங்க கொட்டாய் வெறுங்கொட்டாயா இருக்காது."

நாச்சியம்மாள் கயிற்றைத் தொடவில்லை. "அப்ப உங்கூட்டுக்கு?"

"எங்கூட்டுக்கு அந்தக் காருதானுங்க."

"நாளைக்கு மறுபடி எருது கட்டோணும்னு தோணுனா?"

"தோணப்படாதுங்க" என்றான். கயிறுகளை அவர் பக்கமாக நீட்டினான்.

மேட்டிலிருந்து பவானிக்காரரின் கார் ஹாரன் அடித்தது. அந்த அம்மாள் முந்தானையை விரித்துக் கயிறுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் ஹேண்டில் இருந்தது.

"இது இரவல் இல்ல கண்ணு. கவுறு மாத்திக்கிட்டோம், இனி ரெண்டு ஊடும் ஒறம்பரை, சொந்தபந்தம். ஆனா ஒண்ணு. அந்தக் காரை நீ யாருக்கும் விக்கப்படாது. உன்னால முடியாத காலத்துல இது இங்கயே திரும்பி வரோணும்."

"சத்தியமுங்க ஆத்தா."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் கையிலேயே வைத்திருந்தார். ஹேண்டில் சிக்கென்று உட்கார்ந்தது. முதல் சுற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் இருமியது, நின்றுவிட்டது. பவானிக்காரர் சிரித்தார். தம்பிதுரை கையைத் துடைத்துக்கொண்டு, ரேடியேட்டரில் ஒரு தட்டுத் தட்டினான், எருதுக்கு முதுகில் தட்டுகிற மாதிரி. மூன்றாவது சுற்றில் கார் பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டேன். மேட்டில் இன்னும் நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பிரேக் பார்த்துவிட்டுத்தான் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அவனோடு அவன் வீட்டுக்கு நானும் போனேன். குற்றத்தை நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தெய்வாத்தாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். ஆரத்தி எடுத்து முடித்ததும் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"கவுறு எங்கீங்க?"

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. என் ஆணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கய்யன் குடுத்த எருது" என்றாள். "எருதுதான் போச்சு, கவுறாவது இருக்குதுன்னு இருந்தனுங்க."

தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அவள் கையை நீட்டினாள். அவன் ஹேண்டிலை அந்தக் கையில் வைத்தான். எடை பார்க்கிற மாதிரி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதை எப்படிச் சுத்தறதுங்க?"

"அது உன்னால ஆகாது அம்முணி. திருப்பி அடிச்சா கை ஒடிஞ்சு போகும்."

"எங்கய்யன் ஊட்டுக் கவுத்துக்குப் பதிலா வந்தது. நான் சுத்தாம வேற யாரு சுத்துவா? சொல்லிக் குடுங்க."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெருவிரலைச் சுற்றி வளைக்கக் கூடாது, கீழே அழுத்தக் கூடாது, மேலே இழுக்க வேண்டும் என்று. இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கார் இன்றைக்கும் ஓடுகிறது. ராத்திரி அந்த ஹேண்டில் கயிறு தொங்கிய விட்டத்தில்தான் தொங்கும். விடியற்காலம் அதை எடுத்து வந்து காரைக் கிளப்புகிறவள் தெய்வாத்தாள்தான். அவள் சுற்றினால் மூன்றாவது சுற்று வரைக்கும் போவதில்லை.