மெத்தனால் வாசனை

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில், தரமணியில், ஏ.சி. போட்ட ஆய்வகத்தில் நடந்தது. நம்பாதவர்கள் அங்கே ஆராய்ச்சி செய்த ஷண்முகப்ரியாவைக் கேட்டுக்கொள்ளலாம். அவள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

மெத்தனாலிலிருந்து மின்சாரம் எடுக்கும் செல்லுக்கு நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் வேண்டும். அது தன் வழியே புரோட்டானைப் போக விட வேண்டும், மெத்தனாலை விடக்கூடாது. அவள் செய்த படலங்கள் வருஷக்கணக்காக இரண்டையும் தாராளமாக விட்டன. கடைசியாகச் செய்ததுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. அன்று செல்லை ஓட்டிக் காட்டும்போது விருந்தாளிகள் முன்னால் அது கசியாமல் இருந்தால், பேராசிரியர் ஸ்ரீரங்கன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுவார். கசிந்தால் மறுபடி முதலிலிருந்து.

பேராசிரியர் மயிலாப்பூரிலிருந்து பொன்னாடையைத் தானே வாங்கி வந்து, ஆய்வகம் பெருக்கும் சகினாவை விட்டுத் தனக்குப் போர்த்த வைத்தார்.

"என்னோட மெம்பிரேன் ஒரு சொட்டு கசியாது!" என்று படலத்தைக் காட்டி முழங்கினார். செல்லில் மாட்டிய குட்டி விசிறி சுற்றியது. கைதட்டல்.

அப்போதுதான் வாசனை வந்தது.

மெத்தனால்.

சிரிப்பு மாறாமல் அவள் காதருகே குனிந்தார். "ஒன்னோட ஷீட் கசியறது. கையெழுத்தை மறந்துடு."

அதற்குள் படலம் கைமாறிவிட்டது!

மீட்டரைப் பார்த்தாள். கசிவே இல்லை. மெத்தனால் கேனும் மூடியிருந்தது. வாசனை மட்டும் ஏறியது... அவர் முதுகுப் பக்கமிருந்து. அங்கே அவர் படம் போட்ட பேனரின் ஓரம் மெல்லக் கருகிச் சுருண்டது. தீ எதுவும் தெரியவில்லை.

"சார், பின்னாடி..."

"ஸ்லைடு போடு. லைட்டை அணை. கர்ட்டனை இழு."

இழுத்தாள்.

இருட்டு.

நீலம்...

மெல்லிய நீலத் தீ. ஆள் உயரம். தோள் இருந்தது. இரண்டு கைகள் இருந்தன.

அவரைக் கட்டிப்பிடித்தது.

விளக்கைப் போட்டாள். ஒன்றுமே இல்லை. மெத்தனால் தீ வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பேராசிரியர் மட்டும் கையை உதறிக் குதித்துக்கொண்டிருந்தார். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று விருந்தாளிகள் சிரித்தார்கள். அவள் வாளித் தண்ணீரை ஊற்றும்வரை சிரித்தார்கள்.

செல்லைப் பிரித்தபோது படலத்தில் ஊசி முனை ஓட்டைகூட இல்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில், கட்டுப் போடாத இடது கையால் கையெழுத்துப் போட்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் சகினா நின்றிருந்தாள்.

"உனுக்குத் தெரியாதாம்மா? நீ வர்றதுக்கு முன்ன ஜெயபாரதின்னு ஒரு பொண்ணு. அதே எடம். மெத்தனால் கொட்டித் தீப்புடிச்சுக்கினு கையக் கால உதறிச்சு. தீதான் தெரியலியே... டான்ஸ் ஆடுதுன்னு நின்னு பாத்தாங்க. செத்துப் பூட்ச்சு."

"யாருமே அணைக்கலையா?"

"சாருதான் மொதல்ல கை தட்னாரு."